மணிலாவுக்குத் திரும்பிய பந்து

அண்ணன் மகன் மாவட்ட அணிக்கு வாலிபால் ஆடுகிறான். போன மாதம் அவன் கைக்கு ஓர் அசல் மிகாசா பந்து வந்து சேர்ந்தது. மஞ்சளும் நீலமுமாக, உலக சாம்பியன்ஷிப்பில் ஆடுகிற அதே வி200டபிள்யூ. புதுப் பந்தின் வாசனை போவதற்குள் அதைத் தெருமுனை மளிகைக் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். "அண்ணாச்சி, இத ஒரு எடை போட்டுச் சொல்லுங்க." பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தவர் தட்டைத் துடைத்தார். பந்து உருளாமலிருக்கத் தோள் துண்டைச் சும்மாடாகச் சுருட்டி வைத்தார். தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு மேலே பந்தை வைத்தார். சிவப்பு எண்கள் 270-இல் நின்றன. "கால் கிலோவுக்கு இருபது கிராம் கூட" என்றார்.

சர்வதேச விதிப்படி 260 முதல் 280 கிராம் வரை இருக்கலாம். சுற்றளவு 65 முதல் 67 சென்டிமீட்டர். நான் தராசுக்குப் போனது அதைச் சரிபார்க்க அல்ல. இந்த ஆட்டத்துக்கு முதன்முதலாக எழுதிய விதிகளில் பந்தின் எடை 9 முதல் 12 அவுன்ஸ் என்று இருக்கிறது. நம் கணக்கில் 255 முதல் 340 கிராம். சுற்றளவு 25 முதல் 27 அங்குலம். அதாவது அண்ணாச்சி தட்டில் இருந்த பந்தை அப்படியே 1896-ஆம் ஆண்டுக்குக் கொண்டுபோனாலும் செல்லும். இடைப்பட்ட காலத்தில் தோல் போயிற்று, நாடா போயிற்று, வெள்ளை நிறம் போயிற்று. தட்டி விளையாடியதை இப்போது மணிக்கு 130 கிலோமீட்டருக்கு மேல் அறைகிறார்கள். எடை மட்டும் போட்ட கோட்டுக்குள்ளேயே நிற்கிறது. அந்த எடையை யார், யாருக்காகத் தீர்மானித்தார்கள் என்பதிலிருந்து இந்தப் பந்தின் கதையைத் தொடங்க வேண்டும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹோலியோக் என்ற ஊர். அங்கே ஒய்.எம்.சி.ஏ.வில் உடற்கல்வி இயக்குநராக இருந்தவர் வில்லியம் ஜி. மார்கன். பக்கத்து ஊரான ஸ்பிரிங்ஃபீல்டில் 1891-இல் பிறந்த கூடைப்பந்து அப்போது இளைஞர்களிடம் தீயாகப் பரவிக்கொண்டிருந்தது. மார்கனிடம் மாலையில் வந்தவர்களோ கடை, அலுவலகம் முடித்து வருகிற நடுவயதுக்காரர்கள். முட்டி மோதி ஓடுகிற ஆட்டம் அவர்களுக்கு ஒத்துவரவில்லை. ஒருவரையொருவர் தொடாமல் ஆட நடுவில் ஒரு வலை வேண்டும் என்று 1895-இல் அவர் முடிவு செய்தார். டென்னிஸ் வலையை ஆறரை அடி உயரத்துக்குத் தூக்கிக் கட்டினார். வலை கிடைத்துவிட்டது, பந்துதான் கிடைக்கவில்லை. கூடைப்பந்தைத் தட்டிப் பார்த்தார்கள். கனம், மணிக்கட்டு வலித்தது. அதன் உள்ளே இருக்கிற ரப்பர் பிளாடரை மட்டும் எடுத்துத் தட்டினார்கள். அது காற்றில் மிதந்ததே தவிரப் போகவில்லை. அதனால் ஏ.ஜி. ஸ்பால்டிங் கம்பெனியிடம் புதிதாகவே ஒரு பந்து செய்து தரச் சொன்னார். உள்ளே ரப்பர், மேலே தோல், எடை இரண்டுக்கும் நடுவில். நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு வருகிறவர்களின் விரல் நோகக் கூடாது என்ற ஒரே அக்கறையில் பிறந்த எடை அது.

ஆட்டத்துக்கு அவர் வைத்த பெயர் மின்டனெட். 1896-இல் ஸ்பிரிங்ஃபீல்டில் நடந்த உடற்கல்வி இயக்குநர்கள் மாநாட்டில் பக்கத்துக்கு ஐந்து பேராக ஆடிக் காட்டினார்கள். ஓர் அணிக்கு ஹோலியோக் மேயர் தலைவர், இன்னோர் அணிக்கு ஊர்த் தீயணைப்புப் படைத் தலைவர். பார்த்துக்கொண்டிருந்த பேராசிரியர் ஆல்பிரெட் ஹால்ஸ்டெட், பந்து தரையைத் தொடாமல் இங்கும் அங்கும் 'வாலி' ஆகிக்கொண்டே இருக்கிறதே, அதையே பெயராக வைக்கலாமே என்றார். அன்றைக்கு எத்தனை பேர் வேண்டுமானாலும், எத்தனை முறை வேண்டுமானாலும் தட்டலாம். ஓங்கி அடிக்கும் எண்ணமே யாருக்கும் இல்லை.

பந்துக்கு அடி வாங்கக் கற்றுத் தந்த ஊர் மணிலா.

ஒய்.எம்.சி.ஏ.வின் எல்வுட் பிரவுன் 1910-இல் பிலிப்பைன்ஸுக்குப் போனபோது இந்த ஆட்டத்தையும் கொண்டுபோனார். மூன்றே ஆண்டுகளில், 1913-இல், மணிலாவில் முதலாவது தூரகிழக்கு விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. வாலிபாலும் அதில் இருந்தது. பக்கத்துக்கு 16 பேர். இரண்டு நாட்டு ஆண்கள் வலைக்கு இருபுறமும் நின்று பதக்கத்துக்காக ஆடியது ஐரோப்பாவில் அல்ல, அமெரிக்காவில் அல்ல, மணிலாவில்தான் தொடங்கியது என்பதை வாலிபால் பேசுகிறவர்களே மறந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

அதைவிடப் பெரிய காரியம் 1916-ஐ ஒட்டி அங்கே நடந்தது. ஒருவர் பந்தை வலைக்கு மேல் உயரமாகத் தூக்கிக் கொடுக்க, இன்னொருவர் குதித்து அதை எதிர்க்களத்துக்குள் அறைகிற உத்தியைப் பிலிப்பைன்ஸ்காரர்கள் கொண்டுவந்தார்கள். 'பொம்பா' என்றார்கள் அதை. அடிக்கிறவருக்குப் பெயர் பொம்பெரினோ. நம் ஊர்க் களங்களில் லிஃப்ட் என்றும் ஸ்மாஷ் என்றும் சொல்கிறோமே, அந்த இரண்டும் பிறந்த இடம் அது. அந்த நொடியிலிருந்து இது வேறொரு ஆட்டம். பிற்பாடு வந்த விதிகளில் பெரும்பாலானவை இந்த அடிக்குச் சொன்ன பதில்கள்தான். 1918-இல் அணிக்கு ஆறு பேர் என்று ஆயிற்று. 1920-இல் மூன்று தொடலுக்குள் பந்து அந்தப் பக்கம் போயாக வேண்டும் என்று ஆயிற்று. எடுப்பது, தூக்குவது, அடிப்பது: மணிலா கண்டுபிடித்த வரிசைக்கு மூன்று தொடல் சரியாகப் போதும்.

அதே ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான் பந்து நம் பக்கமும் வந்தது. 1916-இல் கொழும்புக்கு வந்தது. இலங்கையில் இது 1991 முதல் தேசிய விளையாட்டு. அங்குள்ள தமிழர்கள் கரப்பந்தாட்டம் என்கிறார்கள். சென்னையில் ஹாரி குரோ பக் 1920-இல் உடற்கல்விக் கல்லூரி தொடங்கினார். அங்கே படித்து வந்த பி.டி. வாத்தியார்கள் வலையும் பந்துமாக ஊர் ஊராகப் போனார்கள். என் சிறுவயதில் எங்கள் ஊர்க் களத்தில் ஆடியது தோல் பந்து. உள்ளே பிளாடர், வாயில் நாடா. தையல் விட்டால் செருப்புத் தைக்கிற தாத்தா மெழுகு நூலில் தைத்துத் தருவார். பிளாடர் பஞ்சரானால் சைக்கிள் கடையில் டியூபுக்கு ஒட்டுவது போலவே ஒட்டுவார்கள். ஒட்டுப் போட்ட பக்கம் கொஞ்சம் கனக்கும். அடித்த பந்து அந்தப் பக்கமாக ஒரு கோணல் வாங்கும். நாடா முடிச்சு முன்கையில் பட்டால் இரண்டு நாளைக்குத் தடம் மறையாது. மழையில் நனைந்தால் தண்ணீர் குடித்துத் தேங்காய் போல ஆகிவிடும். மார்கன் கேட்டு வாங்கிய லேசான பந்து, மழைநாளில் அவர் வேண்டாம் என்று ஒதுக்கிய கனத்துக்கே திரும்பிப் போய்விடும்.

உலகமும் வெகுகாலம் அந்தப் பந்தில்தான் ஆடியது. முதல் உலகப்போர் முடிந்தபோது, 1919-இல், அமெரிக்கப் படை தன் வீரர்களுக்கும் நேச நாட்டவருக்குமாக 16,000 வாலிபால் பந்துகளை விநியோகித்தது. சிப்பாய்கள் கப்பலேறிப் போனார்கள், பந்து ஐரோப்பாவில் தங்கிவிட்டது. செக்கோஸ்லோவாக்கியா, சோவியத் நாடு, போலந்து, பல்கேரியா என்று கிழக்கு நோக்கிப் போனபடியே வேர் பிடித்தது. 1947-இல் 14 நாடுகள் பாரிஸில் கூடிச் சர்வதேச வாலிபால் சம்மேளனத்தை அமைத்தன. 1949-இல் பிராகில் முதல் உலக சாம்பியன்ஷிப், ஆண்களுக்கு மட்டும், பத்து அணிகளுடன். சோவியத் அணி தங்கம், செக்கோஸ்லோவாக்கியா வெள்ளி, பல்கேரியா வெண்கலம். பின்னால் வருகிற இரண்டு பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது 1952-இல் மாஸ்கோவில். அதில் இந்திய அணியும் ஆடியது.

ஜப்பானுக்கு வருவோம். அங்கே வெகுகாலம் பக்கத்துக்கு ஒன்பது பேராக ஆடினார்கள். ஆறு பேர் ஆட்டத்துக்குத் தாமதமாக வந்தவர்கள், வந்த பிறகு பந்தின் வேகத்தையே மாற்றினார்கள். உயரமான ஐரோப்பியர்களின் பிளாக்கைத் தாண்ட முடியாது என்பதால், செட்டர் தூக்குவதற்கு முன்பே அடிப்பவர் குதித்துவிடுகிற குறும்பந்து உத்திகளைப் பயிற்சியாளர் மட்சுதைரா யசுதகாவின் அணி பழகியது. 1972 மியூனிக் ஒலிம்பிக் அரையிறுதியில் பல்கேரியாவிடம் முதல் இரண்டு செட்டை இழந்து, பிறகு மூன்றையும் வென்று, இறுதியில் தங்கமும் வாங்கியது.

அதே நாட்டில்தான் பந்தின் உடம்பும் மாறியது. மிகாசா கம்பெனி ஹிரோஷிமாவில் 1917-இல் ரப்பர் தொழிலாகத் தொடங்கியது. அதற்குப் போட்டியான மோல்டன் கம்பெனியும் ஹிரோஷிமாதான். 1945-இல் எரிந்து சாம்பலான ஒரு நகரம், உலகம் தட்டி விளையாடுகிற பந்துகளைச் செய்து தருகிறது. இதை முதன்முதலில் அறிந்தபோது சற்று நேரம் பேச்சு வரவில்லை எனக்கு.

அவர்கள் செய்யும் பந்தில் தையல் கிடையாது. ரப்பர் பிளாடர் மேல் நூலை எல்லாத் திசையிலும் சுற்றி ஒரு கூடு கட்டுகிறார்கள். அதனால் எந்தப் பக்கம் அடித்தாலும் ஒரே மாதிரி அமுங்கி ஒரே மாதிரி எழும். அந்தக் கூட்டின் மேல் செயற்கைத் தோல் பட்டைகளை ஒட்டுகிறார்கள். எங்கள் ஊர்ப் பந்தின் ஒட்டுப் போட்ட கோணலை ஒழித்தது இந்த நூல் கூடுதான்.

வெள்ளைப் பந்துக்கு நிறம் வந்தது 1998-இல், ஜப்பானில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில். மஞ்சள், நீலம், வெள்ளை என்று மூன்று நிறம். தொலைக்காட்சியில் பந்து தெரிய வேண்டும் என்பதற்காக என்பார்கள். ஆடுகிறவருக்கும் அதில் லாபம் உண்டு: பந்து சுழன்று வருகிறதா, சுழலாமல் மிதந்து வருகிறதா என்பதை நிறக் கோடுகள் காட்டிக்கொடுத்துவிடும். பந்தை எடுப்பதற்கென்றே வேறு சட்டை போட்ட லிபரோ வந்ததும் அதே போட்டியில்தான். அடி ஓங்கிக்கொண்டே போனதால் எடுக்கிறவருக்கும் ஓர் இடம் கொடுக்க வேண்டியிருந்தது.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் எட்டே பட்டைகள் சுழன்று பின்னிய பந்து வந்தது. மேற்பரப்பில் கோல்ஃப் பந்து போலச் சிறு குழிகள். 2019-இல் மறுபடி 18 பட்டைகளுக்கே திரும்பினார்கள், குழிகளை வைத்துக்கொண்டு. இது அழகுக்கான சமாச்சாரம் அல்ல. ஃப்ளோட் சர்வீஸ் பாருங்கள். உள்ளங்கையால் நடுவில் ஒரே தட்டு, சுழற்சி இல்லாமல் பந்து வருகிறது. காற்று பந்தை ஒட்டி ஓடி எங்கோ ஓரிடத்தில் பிரிகிறது. அந்த இடம் பட்டை விளிம்பையும் குழியையும் பொறுத்து இடப்பக்கம் ஒரு மாதிரி, வலப்பக்கம் ஒரு மாதிரி அமைகிறது. அதனால் பந்து நடுவானில் உதறிக்கொள்கிறது. எடுக்கிறவர் கையை வைத்த இடத்தில் அது இருக்காது. ஜப்பானிய ஆய்வாளர்கள் காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பட்டையின் அமைப்பும், பந்து எந்தப் பக்கம் பார்த்து வருகிறது என்பதும் பாதையை மாற்றுவதைக் காட்டியிருக்கிறார்கள். சர்வீஸ் போடுகிறவர் வால்வைத் தேடித் திருப்பி வைத்துக்கொள்வது இதனால்தான். நடுவரின் விசிலுக்குப் பிறகு எட்டு வினாடி கிடைக்கிறது. அதற்குள் அந்தச் சிறு கருந்துளை எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருக்கும்.

இந்தப் பந்துகள் எல்லாவற்றையும் விரலால் அறிந்த ஒரு மனிதர் இருக்கிறார். இத்தாலியின் ஃபெர்டினாண்டோ டெ ஜார்ஜி. செட்டர். பந்தைப் பிடித்தால் தவறு, பத்து விரலில் வாங்கி அக்கணமே அனுப்பினால் சரி என்பதுதான் அவர் தொழில். 1990-இல் ரியோவில், 1994-இல் ஏதென்ஸில், வெள்ளைப் பந்தில் உலகப் பட்டம் வென்ற அணியில் இருந்தார். 1998-இல் ஜப்பானில் நிறப் பந்தில் மூன்றாவது பட்டம். பிறகு பயிற்சியாளராக 2022-இல் போலந்தின் கடோவிட்ஸேயில், சொந்த மண்ணில் ஆடிய போலந்தை வென்று நான்காவது.

அடுத்த உலக சாம்பியன்ஷிப் 2025 செப்டம்பரில் நடந்தது. முதன்முறையாக 32 அணிகள். இடம் மணிலா பெருநகரம்: கேசோன் சிட்டியின் அரனேட்டா கொலிசியம், பாசாயின் மால் ஆஃப் ஏசியா அரங்கம். 1913-இல் 16 பேர் நின்று தட்டிய ஊருக்கு, அடி பிறந்த ஊருக்கு, 112 ஆண்டுகள் கழித்துப் பந்து திரும்பி வந்தது. பிலிப்பைன்ஸ் ஆண்கள் உலக சாம்பியன்ஷிப்பில் ஆடியதே அதுதான் முதல் தடவை. கண்டுபிடித்தவர்களின் பேரன்மார் பந்தயத்துக்கு வர இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. அவர்கள் எகிப்தை வென்றார்கள். ஈரானுடன் ஐந்து செட் வரை போய் விட்டுக்கொடுத்தார்கள். அடுத்த சுற்றுக்குப் போகவில்லை. ஆனால் அந்த இரண்டு ஆட்டத்தையும் பார்த்தவர் எவரும் அவர்களை விருந்துக்கு வந்தவர்கள் என்று சொல்ல மாட்டார்.

பெரிய தலைகள் உருண்டன. பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பிரான்ஸ் முதல் சுற்றிலேயே வெளியே போனது. பிரேசிலும் ஜப்பானும் அப்படியே. இத்தாலிகூட முதல் சுற்றில் பெல்ஜியத்திடம் ஐந்து செட்டில் தோற்றது. பிறகு காலிறுதியில் அதே பெல்ஜியத்தை நேர் செட்களில் தீர்த்தது. அரையிறுதியில் போலந்தையும் 3–0. மறுபக்கம் பல்கேரியா, காலிறுதியில் அமெரிக்காவிடம் முதல் இரண்டு செட்டைக் கொடுத்துவிட்டு மீதி மூன்றையும் பறித்தது. அரையிறுதியில் எதிரே வந்தது செக் அணி. பிராகில் வெள்ளியும் வெண்கலமும் வாங்கிய இரண்டு நாடுகள் எழுபத்தாறு ஆண்டு கழித்து மணிலாவில், பந்து முதன்முதலில் அறைபட்ட ஊரில், இறுதி ஆட்டத்துக்காக மோதின. 3–1 என்று வென்று பல்கேரியா இறுதிக்குப் போனது.

பல்கேரியாவுக்குப் பந்து தூக்கியவன் சிமியோன் நிகொலோவ். வயது 18, உயரம் இரண்டு மீட்டருக்கு மேல். இவ்வளவு உயரமுள்ள பையனை எங்கள் காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஸ்மாஷ் அடிக்க நிறுத்தியிருப்பார்கள். அவன் தூக்கிக் கொடுத்ததை அடித்தவர்களில் அண்ணன் அலெக்சாந்தரும் ஒருவன். அப்பா விளாதிமிர் நிகொலோவ் பல்கேரிய அணியின் முன்னாள் அடிப்பாளர். அண்ணனுக்கு எந்த உயரத்தில், வலையிலிருந்து எவ்வளவு தள்ளிப் பந்து வேண்டும் என்பது தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். நம் ஊரிலும் அண்ணன் தம்பி சேர்ந்து ஆடுகிற அணிகளில் இதைப் பார்த்திருக்கிறேன். சைகையே தேவைப்படாது.

பல்கேரியாவின் பயிற்சியாளர் ஓர் இத்தாலியர், ஜான்லொரென்சோ பிளெஞ்சினி. 2021 வரை இத்தாலி அணியை நடத்தியவர். அவர் விலகிய இடத்துக்கு வந்தவர்தான் டெ ஜார்ஜி. செப்டம்பர் 28-ஆம் தேதி இறுதி ஆட்டத்தில் இரண்டு பேரும் இரு பெஞ்சுகளில். இத்தாலி 25–21, 25–17 என்று முந்தியது. மூன்றாவது செட்டில் பல்கேரியா 25–17 என்று திருப்பிக் கொடுத்தது. நான்காவது 25–10. உலக இறுதி ஆட்டத்தில் ஓர் அணியைப் பத்துப் புள்ளியோடு நிறுத்துவது எளிதில் நடக்கிற காரியம் அல்ல. முதல் தொடலைச் சரியாக எடுக்க முடியாவிட்டால், எவ்வளவு நல்ல செட்டர் இருந்தும் என்ன செய்வான்? பந்து அவன் விரலுக்கு வந்தால்தானே. 18 வயதுப் பையன் அந்த செட் முழுக்கத் தன்னிடம் வராத பந்துகளைத் துரத்தி ஓடிக்கொண்டிருந்தான். இத்தாலியின் பக்கத்தில் செட்டரும் தலைவருமான சிமோனே ஜன்னெல்லி நின்ற இடத்தை விட்டு அதிகம் நகர வேண்டியிருக்கவில்லை. டெ ஜார்ஜிக்கு ஐந்தாவது பட்டம், இத்தாலிக்கும் ஐந்தாவது. பல்கேரியாவுக்கு வெள்ளி, 1970-இல் சோபியாவில் வாங்கியதற்குப் பிறகு இப்போதுதான்.

2027-இல் பந்து போலந்துக்குப் போகிறது. உலகப் போட்டிகளில் ஓர் ஆட்டத்துக்கு ஐந்து பந்துகள். அவற்றை எடுத்துக் கொடுக்க ஆறு பேர், நான்கு மூலையிலும் இரண்டு நடுவர்களுக்குப் பின்னாலும். ஐந்தும் எடையிலும் சுற்றளவிலும் அழுத்தத்திலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். சதுர சென்டிமீட்டருக்கு 0.30 முதல் 0.325 கிலோ வரை காற்றழுத்தம் என்பது விதி. ஆட்டத்துக்கு முன் மானியைச் செருகி அளந்து பார்ப்பார்கள்.

அண்ணாச்சி கடையிலிருந்து பந்தோடு களத்துக்குப் போனபோது பையன்கள் வலை கட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மகன் பந்தை வாங்கி இரண்டு தரம் தரையில் தட்டினான், முகம் சுளித்தான். பம்பை எடுத்து, ஊசியை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, வால்வில் செருகினான். ஏழெட்டு அடி அடித்தான். ஊசியை உருவிவிட்டுப் பந்தைத் தலைக்கு மேல் போட்டு, இறங்கியதை இரண்டு முன்கையிலும் வாங்கிப் பார்த்தான். "இன்னும் ரெண்டு அடி அடிக்கணும் சித்தப்பா" என்று மறுபடி ஊசியை நாக்குக்குக் கொண்டுபோனான்.